எதிர்க் கிண்ணம்

“ஆளு ஒண்ணு. கிண்ணம் எதுக்கு ரெண்டு?” என்று கேட்டாள் கஞ்சிக் கடைக்காரி.

நியாயமான கேள்விதான். ஆனால் மாக் ஜிகின் எடை அளவு ஆய்வு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் கேள்வி கேட்டே ஓய்வு பெற்றவர். பதில் சொல்லிப் பழக்கமில்லை.

“ரெண்டு கிண்ணம் கேட்டா ரெண்டு கிண்ணம் குடுக்கணும். காரணம் கேக்கறது உங்க வேலை இல்லை.”

“வெளியில எட்டிப் பாருங்க. பதினஞ்சு பேரு நிக்கறான். ஒத்தை ஆளு ரெண்டு கிண்ணத்தைப் பரப்பிக்கிட்டு உக்காந்தா மத்தவன் என் தலைமேலயா உக்காருவான்? இன்னொருத்தர் வர்றாங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க பெரியவரே.”

‘பெரியவரே’ என்ற சொல் அவரைச் சுருக்கென்று குத்தியது. ஒரு காலத்தில் அவர் குவாங்சோ நகரத்தின் இந்தச் சைகுவான் தெருக்களில் நுழைந்தால், முதல் கடையில் புறப்படும் ‘துணைத்தலைவர் வர்றார்’ என்ற செய்தி கடைசிக் கடைக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேரும். தராசுகளெல்லாம் தாமாகவே யோக்கியமாகிவிடும். ஓய்வு பெற்று மூன்றே வருஷம். இப்போது தராசுக்கும் அவரைத் தெரியவில்லை.

“வருவாங்க,” என்றார்.

பொய். வர வேண்டியவள் ஷென்சென் நகரத்தில் பதினெட்டாவது மாடியில் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

யுன்கிங், அதாவது அவர் மனைவி, புத்தாண்டு முடிந்த கையோடு மகன் வீட்டுக்குப் போனவள். மூன்று மாசம் என்றுதான் பேச்சு. எட்டு மாசமாகிவிட்டது. ரயிலேறினால் ஒரு மணி நேரம்கூட இல்லாத தூரம்தான். ஆனால் பேரப்பிள்ளை என்கிற நிறுவனத்தில் லீவு கிடைப்பது கஷ்டம். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். மருமகளுக்கு இரண்டாவது பிள்ளை உண்டாகியிருக்கிறதாம்.

“இன்னும் மூணு வருஷம் ஆகும்போல. இருக்கேனா இல்லையான்னு நம்ம பையன் காலோக் கேக்கறான். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணும். உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?”

மாக்குக்குத் தொண்டைவரை வந்த சொல் ஒன்றே ஒன்றுதான்: வந்துடு. ஆனால் அந்தத் தொண்டை முப்பத்தாறு வருஷமாக வேறு மாதிரி பழக்கப்பட்டது. வெளியே வந்தது இது: “ஆட்சேபனை எதுவும் இல்லை.”

“சரி,” என்று அவள் வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்தச் ‘சரி’யைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வீட்டில் வேறு பேச்சுத் துணை கிடையாது. அவரோடு ஒழுங்காகப் பேசுவது அடுக்குமாடி லிஃப்ட் மட்டும்தான். ‘பதினோராம் மாடி. கதவு திறக்கிறது’ என்று அது சொல்ல, கொஞ்ச நாளாக அவர் ‘நன்றி’ என்று பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

திங்கட்கிழமைதான் அந்தக் காகிதம் அகப்பட்டது. நிலாத் திருவிழாவுக்கு இரண்டு நாள் வந்துபோன யுன்கிங் மறந்துவிட்டுப் போன கம்பளிச் சட்டையின் பையில் இருந்தது. அவள் கையெழுத்தில் ஐந்து கடைகளின் பெயர். எல்லாம் சைகுவான் பழைய தெருக்களில் நடந்தே போகக்கூடிய தின்பண்டக் கடைகள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், ஐந்தைந்தாக எண்ணிக்கை போடுவோமே, அந்தக் கோடுகள். கஞ்சிக் கடைக்கு இரண்டு. நூடுல்ஸ் கடைக்கு மூன்று. கசப்புக் கஷாயத்துக்கு ஒன்று. மூலிகை சேர்த்த ஆமைக் களிக்கு ஒன்றுமில்லை. கடைசியாக இருந்த, பாலை ஆடையோடு வேகவைத்து இறுக்கிக் கிண்ணத்தில் தரும் இரட்டை ஆடைப்பால் கடைக்கு முப்பத்தொன்று.

துணைத்தலைவர் மூளை உடனே முடிவுக்கு வந்தது. தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அவள் எத்தனை தடவை கேட்டாள் என்ற கணக்கு இது. கேட்டிருப்பாள். அவர் பதிலும் ஞாபகமிருந்தது. “ஒரு துணைத்தலைவர் நடைபாதைக் கடையில உக்காந்து கஞ்சி குடிக்கறதா? நாளைக்கு எவன் தராசை நீட்டுவான்?” ஆனாலும் அந்தப் பால் கடைக்கு முப்பத்தொரு தடவையா? ஒரு தடவைகூடக் காதில் விழுந்ததாக நினைவில்லையே!

அப்போதுதான் திட்டம் உதித்தது. ஐந்து கடைக்கும் அவரே போவார். ஒவ்வொரு கடையிலும் எதிரே ஒரு கிண்ணம் வைத்து, அதற்குப் பின்னால் அவள் படத்தை நிறுத்தி, ஒரு புகைப்படம் எடுப்பார். ஐந்தும் சேர்ந்தபின் ஒரே கட்டாக அனுப்புவார். அரைகுறை அறிக்கை அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. முகப்புக் கடிதம்கூடத் தயார். ‘பொருள்: எதிர் இருக்கை காலியாக இருப்பது தொடர்பாக.’ வாய் சொல்லாததைக் கிண்ணம் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிட வேண்டும்.

படம்தான் சிக்கல். நாற்பது வருஷக் கல்யாணத்தில் அவள் தனியாக இருக்கும் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வெந்நீர்க் குடுவை ஆலையில் வேலை பார்த்தபோது எடுத்த அடையாள அட்டைப் படம். கறுப்பு வெள்ளை. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்தார். “சட்டம் கறுப்புத்தானே?” என்று ஸ்டூடியோக்காரன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான். கறுப்பு கம்பீரமாக இருக்கும் என்று இவருக்கும் பட்டது.

கஞ்சி இரண்டு கிண்ணம் வந்தது. ஒன்றை எதிரே நகர்த்தி, சாப்பிடும் குச்சிகளை அதன் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். படத்தைப் பையிலிருந்து எடுத்து நிறுத்தினார். அது வழுக்கி விழுந்தது. காடி பாட்டிலில் சாய்த்தார். பாட்டிலோடு விழுந்தது. பக்கத்து மேசையில் இருந்த பெண் இந்த அவஸ்தையைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழங்களை நீட்டினாள்.

“முன்னாடி ரெண்டு பக்கமும் முட்டுக் குடுங்க மாமா.”

ஆரஞ்சு பிரமாதமாகப் பிடித்தது. படம் அசையவில்லை. கஞ்சியிலிருந்து எழுந்த ஆவி, படத்துக்கு முன்னால் ஊதுபத்திப் புகைபோல நெளிந்து மேலே போனது. மாக் போனைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோணம் பார்த்தார்.

“அவங்க கஞ்சிக்கு வேர்க்கடலை தூவட்டா, வேண்டா...” என்று கேட்டுக்கொண்டே வந்த கடைக்காரி அப்படியே நின்றாள். படத்தைப் பார்த்தாள். கறுப்புச் சட்டத்தைப் பார்த்தாள். ஆரஞ்சுகளைப் பார்த்தாள். கையிலிருந்த கடலைக் கிண்ணத்தை மெதுவாக இறக்கினாள்.

“என்னை மன்னிச்சுடுங்க பெரியவரே. நான் ஒரு முட்டாள். ரெண்டு கிண்ணம் எதுக்குன்னு கேட்டுட்டேனே. இந்த வாயில கொதிக்கற கஞ்சியைத்தான் ஊத்தணும்.”

“என்னம்மா சொல்றீங்க?”

“எத்தனை சின்ன வயசு...”

அப்போதுதான் மாக் தன் மேசையைத் தானே ஒரு தடவை பார்த்தார். செத்தவர்களுக்கு வைக்கும் படையல் அப்படியே இருந்தது.

“ஐயையோ, அதெல்லாம் இல்லை! அவ உயிரோட இருக்கா!”

“இருக்காங்க, பெரியவரே. எங்கேயும் போகலை. நம்ம மனசுலதான் இருக்காங்க.”

“மனசுல இல்லை, ஷென்சென்ல இருக்கா!”

கடைக்காரி பக்கத்து மேசைப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சரி, ஆதாரத்தோடு நிரூபித்துவிடலாம் என்று மாக் போனை மேசையில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, மனைவிக்கு அடித்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ‘நீங்கள் அழைத்தவர் பதிலளிக்கவில்லை’ என்றது ஒரு குரல்.

இன்று வியாழக்கிழமை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமைகளில் யுன்கிங் போன் எடுக்கமாட்டாள். பேரனுக்கு நீச்சல் வகுப்பு என்று எப்போதோ சொல்லியிருந்தாள்.

“எங்கம்மாவும் இப்படித்தான்,” என்று கடைக்காரி மூக்கை உறிஞ்சினாள். “எங்கப்பா போயி ஆறு மாசம், அவர் நம்பருக்கே போட்டுக்கிட்டு இருந்தா. நாங்க தடுக்கலை. நீங்களும் போடுங்க. மனசு ஆறட்டும். கடலை பிடிக்குமா அவங்களுக்கு?”

பிடிக்குமா? நாற்பது வருஷம் ஒரே வீட்டில் கஞ்சி குடித்திருக்கிறார்கள். அவர் கிண்ணத்தில் கடலை இருக்கும், இஞ்சி இருக்காது. இஞ்சி அவருக்கு ஆகாது. அவள் கிண்ணத்தில் என்ன இருந்தது? எட்டிப் பார்த்ததில்லை.

“பிடிக்கும்,” என்றார், துணைத்தலைவர் தோரணையில்.

கடைக்காரி ஒரு கைப்பிடி தூவினாள். போகும்போது போனை எடுத்து எதையோ வேகமாகத் தட்டிக்கொண்டே போனாள்.

அவள் என்ன தட்டினாள் என்பது நூடுல்ஸ் கடையில் தெரிந்தது. சைகுவான் கடைக்காரர்களுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. பழைய காலத்தில் துணைத்தலைவர் வருகையை அறிவித்த அதே வேகத்தில் இன்றும் செய்தி அவருக்கு முன்னால் போய்விட்டிருந்தது. வாசலிலேயே முதலாளி லூ கைகட்டி நின்றிருந்தான்.

“உங்களுக்குன்னு மேசை ஒதுக்கியிருக்கேன் ஐயா. ரெண்டு கிண்ணம் வெச்சாச்சு.”

குவாங்சோவில் முன்பின் தெரியாத நாலு பேர் ஒரே மேசையில் முட்டி இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். அடுத்தவன் உறிஞ்சும் சத்தம் நம் கிண்ணத்தில் தெறிக்கும். மாக்குக்கு வாழ்நாள் முழுக்க அது அருவருப்பு. தனி மேசை வேண்டும் என்பதே அவர் அதிகாரக் கனவுகளில் ஒன்று. இன்று கிடைத்தது. கடை நிரம்பி வழிந்தது, வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், ஆனால் அவர் மேசையின் மற்ற மூன்று நாற்காலியிலும் ஒரு ஜீவன் உட்காரவில்லை. இறந்தவளுக்கு வைத்த கிண்ணத்தோடு முட்டி இடித்துக்கொள்ள யார் வருவார்கள்?

வீட்டுச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. அங்கேயும் மூன்று நாற்காலி காலி.

“யாராவது உக்காருங்களேன்,” என்றார் பொதுவாக.

ஒருவரும் நிமிரவில்லை. லூ ஓடிப்போய் ரேடியோவில் பாடிக்கொண்டிருந்த நாடகப் பாட்டை நிறுத்தினான். இப்போது முப்பது பேர் நூடுல்ஸைச் சத்தம் வராமல் சாப்பிட முயன்றுகொண்டிருந்தார்கள். அது நடக்கிற காரியமில்லை.

“பாட்டைப் போடுப்பா. எனக்கு ஒண்ணும் இல்லை.”

“அவங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஏதாவது இருந்தாச் சொல்லுங்க ஐயா, அதையே போட்டுடறேன்.”

மறுபடியும் அதே மாதிரிக் கேள்வி! சமையலறையில் அவள் ஏதோ முணுமுணுப்பாள். என்ன பாட்டு? ‘சத்தத்தைக் குறை, செய்தி ஓடுது’ என்று மட்டும்தான் அவர் அதற்கு விமரிசனம் சொல்லியிருக்கிறார்.

மறுத்துச் சொல்லிப் பார்த்தால் என்ன ஆகும் என்று கஞ்சிக் கடையில் தெரிந்துவிட்டது. புகைப்படத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் கிளம்பியிருக்கலாம். ஆனால் லூ எதிரே நின்றபடி, “ஐயா, அவங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க. சொன்னா பாரம் குறையும்,” என்றான். பின்னால் இருந்த மேசைகளில் தலைகள் திரும்பின. முப்பது முகம். அத்தனையும் அவர் வாயையே பார்த்தன. எட்டு மாசத்தில் லிஃப்ட்டைத் தவிர யாரும் அவரிடம் இப்படிக் காத்திருந்து கேட்டதில்லை.

மாக்கின் மனசாட்சி ஒரு நிமிஷம் வெளியே போய்விட்டு வந்தது. அதற்குள் அவர் மனைவியைக் கொன்றுவிட்டார்.

“தூக்கத்துல போனா,” என்றார். “ஒரு கஷ்டமும் இல்லை.”

“புண்ணியவதி!” என்றது ஒரு மூலை.

உற்சாகம் வந்துவிட்டது. அவள் மெல்லிய குரல் என்றார். பொறுமைசாலி என்றார். நிர்வாகத் திறமை உள்ளவள் என்றார். எல்லாம் அலுவலகப் பிரிவுபசார விழாக்களில் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லும் சொற்கள் என்று அவருக்கே உறைத்தது. பேச்சு தடுமாறியது. கை தானாகவே தேநீர்க் கூசாவை எடுத்து எதிர்க் கோப்பையில் ஊற்றியது.

“நாப்பது வருஷம் அவதான் ஊத்தினா,” என்றார் மெதுவாக. “நான் பேப்பரைப் படிச்சுக்கிட்டே ரெண்டு விரலால மேசையைத் தட்டுவேன். நம்ம ஊரு மரியாதை, நன்றி சொன்ன மாதிரி. நிமிர்ந்து பார்த்ததில்லை. நான் ஊத்தி அவ தட்டினதா ஒரு நாளும் ஞாபகம் இல்லை.”

இது மட்டும் பொய்யில்லை. கோப்பை நிறைந்தது. எதிரே தட்டுவதற்கு விரல் இல்லை.

லூ குனிந்து, காலி நாற்காலிக்கு முன்னால், மேசையை இரண்டு விரலால் இரண்டு தடவை தட்டினான்.

மாக் அவசர அவசரமாகப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கண்ணில் மிளகுக் காரம் பட்டுவிட்டது. நூடுல்ஸில் மிளகு போடவில்லை என்பது வேறு விஷயம்.

கஷாயக் கடையில் கிண்ணத்தை வைக்கும் முன்பே தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால், எழுபத்தைந்து வயதுக்குக் குறையாத ஓர் அம்மாள். சுருட்டி விட்ட முடி, சிவப்பு உதட்டுச் சாயம், கையில் கனமான ஒரு நோட்டுப் புத்தகம். லாய் அத்தை என்றால் பூங்காக்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தனியாகிப்போன முதியவர்களுக்கு ஜோடி சேர்ப்பது அவள் தொண்டு.

“தம்பி, குழுவுல பார்த்தேன். மனசு கேக்கலை, ஓடி வந்துட்டேன். நாப்பத்தொம்பதாம் நாள் காரியம் முடிஞ்சுதா? அது முடியாம நான் பேச்சே எடுக்கமாட்டேன். எனக்கும் ஒரு தர்மம் இருக்கு.”

“எட்டு மாசம் ஆச்சு,” என்று வாயில் வந்துவிட்டது. அவர் சொன்னது ரயிலேறிய கணக்கு.

“எட்டு மாசமா! இத்தனை நாள் எங்கே போயிருந்தே?” நோட்டு திறந்தது. “இந்தா, பல் டாக்டர் அம்மா. அறுபது வயசு. பல்லெல்லாம் சொந்தம். இல்லையா, இவங்க கணக்கு டீச்சர். கொஞ்சம் அதட்டுவாங்க. ஆனா உன் மூஞ்சியைப் பார்த்தா அதட்ட ஆளு வேணும்னுதான் தோணுது.”

“அத்தை, என் பொண்டாட்டி உயிரோட இருக்கா!”

நோட்டு மூடியது. அத்தையின் முகமும் மூடியது.

“உயிரோட இருக்கறவளுக்கா கறுப்புச் சட்டம்? உயிரோட இருக்கறவளுக்கா ஆரஞ்சு வெச்சுக் கும்பிட்டே?” குரல் ஏறியது. “கேட்டீங்களா இந்தக் கூத்தை! பொண்டாட்டி சாகணும்னு கடை கடையாப் போயி வேண்டிக்கறான் இந்த மனுஷன்!”

கஷாயம் குடித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் கோப்பையோடு நெருங்கி வந்தார்கள். ஏற்கெனவே கசப்பில் இருந்தவர்கள்.

“யாரு, அந்தக் கஞ்சிக் கடை ஆளா?”

“எங்க லூ கண்ணு கலங்கினானாமே! ஏமாத்துக்காரன்!”

“இல்லைங்க... இல்லை, இறந்துட்டா,” என்றார் மாக் பரிதாபமாக. “நிஜமாத்தான் இறந்துட்டா. ஏத்துக்க முடியலை. அதான் அப்படிப் பேசிட்டேன்.”

கூட்டம் இளகியது. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. யுன்கிங்தானோ என்று பதறி எடுத்ததில், ஒலிபெருக்கி காலையிலிருந்து அணைக்கப்படவே இல்லை என்பதை மறந்துவிட்டார்.

“துணைத்தலைவர்! நான்தான், பழைய செக்‌ஷன் பான்!” என்று தழுதழுத்தது குரல். “கடைக்காரங்க குழுவுல உங்க படத்தோட செய்தி பார்த்தோம். ஆபீசே அழுதுக்கிட்டு இருக்கு. மலர்வளையம் சொல்லியாச்சு. எந்த மண்டபம், எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க.”

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. லாய் அத்தை கண்ணைச் சுருக்கினாள்.

“அதெல்லாம் எளிமையா முடிச்சாச்சு பான். யாருக்கும் தொந்தரவு குடுக்கலை. ஆச்சு, எட்டு மாசம்.”

அந்தப் பக்கம் காலண்டர் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“எட்டு மாசமா, துணைத்தலைவர்?”

“ஆமா.”

“போன மாசம் திருவிழாவுக்கு, ஓய்வு பெற்றவங்களுக்குக் குடுக்கற நிலாக் கேக் டப்பாவை வாங்க அம்மாதானே வந்தாங்க? நான்தானே குடுத்தேன்? ‘உனக்கு உடம்பு இளைச்சுட்டுது பான்’னாங்களே...” குரல் நடுங்க ஆரம்பித்தது. “இந்தக் கையால குடுத்தேன் துணைத்தலைவர். விரல் சில்லுனு இருந்துச்சு... அன்னையிலேருந்துதான் எனக்கு முதுகு வலி...”

எதுவோ பொத்தென்று விழும் சத்தம். யாரோ ‘தண்ணி, தண்ணி’ என்று கத்தினார்கள். தொடர்பு அறுந்தது.

லாய் அத்தை நோட்டை ஓங்கினாள். மாக் படத்தையும் ஆரஞ்சையும் அள்ளிக்கொண்டு ஓடினார். ஓய்வுபெற்ற பின் அவர் செய்த முதல் உடற்பயிற்சி. நாலாவது இடமான ஆமைக் களிக் கடை வலது பக்கம் வந்தது, போயிற்று. சந்துக்குள் திரும்பி, லிச்சி ஓடைப் பாலத்தைத் தாண்டி, பின்னால் செருப்புச் சத்தம் ஓய்ந்தபோதுதான் நின்றார்.

மூச்சு வாங்கியது. ஓடைத் தண்ணீரில் அவர் நிழல் மட்டும் தனியாக ஆடியது. எட்டு மாசத்தில் இன்றைக்குத்தான் இத்தனை பேர் அவரோடு பேசினார்கள், தோளைத் தொட்டார்கள், திட்டினார்கள், துரத்தினார்கள். அத்தனையும் அவள் செத்ததால் கிடைத்த மரியாதை. இன்றைக்கு அவர் சொன்ன பொய்களை எடை போட்டால் எந்தத் தராசும் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை அவள், ‘இருக்கேன்’ என்று மகனிடம் சொல்லிவிடுவாள். பிறகு மூன்று வருஷம். லிஃப்ட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நிமிர்ந்தார். எதிரே இரட்டை ஆடைப்பால் கடை. முப்பத்தொரு கோடு வாங்கிய கடை.

உள்ளே ஒரே கூட்டம். நல்ல வேளையாக யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. போன் பார்க்க நேரமில்லாத கடைபோலிருக்கிறது. சுவரோரம் இரண்டு பேர் உட்காரும் சின்ன மேசை ஒன்று காலி. இன்னும் துடைக்கவில்லை. அந்தப் பக்கம் வழித்துச் சாப்பிட்ட வெறும் கிண்ணம். இந்தப் பக்கம் கை படாத கிண்ணம். பாலின் மேலாடை ஒரு சுருக்கம்கூட விழாமல், பக்கத்தில் கரண்டி ஒழுங்காக வைத்தபடி இருந்தது.

மாக் அந்த நிறைந்த கிண்ணத்துக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார். காலையிலிருந்து மூன்று கடை ஏறி ஒரு கவளம் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. எவனோ பணக்காரன் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று எண்ணினார். துணைத்தலைவராக இருந்தால் தொட்டிருக்கமாட்டார். இன்றைக்கு அவர் வெறும் பெரியவர். கரண்டியை எடுத்தார்.

“ஐயா! ஐயா! அதைத் தொடாதீங்க!”

பரிமாறுகிற பெண் துடைக்கும் துணியோடு ஓடி வந்தாள். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் வியர்வை.

“அது செத்துப்போனவருக்கு வெச்சதுங்க!”

கரண்டி மேசையில் விழுந்தது. இன்றைக்கு விதி அவரை விடுவதாக இல்லை.

“யாரு செத்துப்போனது?”

“ஒரு அம்மாவோட வீட்டுக்காரர். வாரா வாரம் இதே நாள் வருவாங்க. இதே மேசை. ரெண்டு பால் சொல்லுவாங்க. தனக்கு இஞ்சி போட்டது, அவருக்கு இஞ்சி போடாதது. அவருக்கு இஞ்சி ஆகாதாம்.”

“எனக்கும் ஆகாது,” என்றார் மாக்.

“எதிர்ல வெச்சுட்டு, பேசாம பார்த்துக்கிட்டே அரை மணி நேரம் உக்காந்திருப்பாங்க. முதல் தடவை நான் கேட்டேன், ஐயா வர்றாராம்மான்னு. ‘அவர் வரமாட்டார், கிண்ணம் மட்டும் இருக்கட்டும்’னாங்க. அதுக்கு மேல கேப்பாங்களா? நாங்களாப் புரிஞ்சுக்கிட்டோம். ஒரு நாள் மட்டும் வாய் விட்டுச் சொன்னாங்க: ‘எத்தனையோ தடவை கூப்பிட்டேன், ஒரு நாளும் என்கூட வந்ததில்லை’னு. இப்பத்தான் எழுந்து போனாங்க.”

மாக் விழுந்த கரண்டியை எடுத்துப் பழைய இடத்தில் நேராக வைத்தார். தன்னைப் போலவே ஒரு ஜீவன் இந்தத் தெருக்களில் தனியாக அலைகிறது! அதோடு, காலையிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தவருக்கு, தாம் திட்டுவதற்கும் ஓர் ஆள் கிடைத்தான்.

“என்ன மனுஷன்மா அவன்! கட்டின பொண்டாட்டி ஒரு கிண்ணம் பால் சாப்பிடக் கூப்பிட்டா, கூட வர்றதுக்கு என்ன கேடு? பெரிய அதிகாரம் பண்றதா நினைப்பு இருந்திருக்கும். இந்த மாதிரி ஆளுங்களை எனக்கு நல்லாத் தெரியும். செத்தப்புறம் கிண்ணம் வெச்சு என்ன பிரயோஜனம்? அவனுக்கு உறைக்கவா போகுது?”

“அதைச் சொல்லுங்க ஐயா!”

“எனக்கும் ஒரு இஞ்சி போடாத பால் குடும்மா. என் வீட்டுக்காரிக்கு...” நிறுத்தினார். அவளுக்கு இஞ்சி பிடிக்குமா, பிடிக்காதா? இந்தத் தடவை தோரணை வரவில்லை. “தெரியலைம்மா. எது நல்லா இருக்குமோ அதைக் குடு.”

ஆரஞ்சுகள் இரண்டையும் வைத்து, வெறும் கிண்ணத்துக்குப் பின்னால் படத்தை நிறுத்தினார். இந்தத் தடவை அது வழுக்கவில்லை.

கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டிய பெண் பாதியில் நின்றாள். குனிந்தாள். ஈரத் துணியை இடுப்பில் செருகிவிட்டு, படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். புருவத்து ஓரத்திலிருந்த மச்சத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். மாக்கைப் பார்த்தாள். மறுபடியும் படத்தை, மறுபடியும் மாக்கை.

பிறகு, தொடாதே என்று சொன்ன கிண்ணத்தை அவளே இரண்டு கையாலும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“அப்போ நீங்க சாப்பிடலாம்ங்க ஐயா. இது உங்களுக்கு வெச்சதுதான்.”